டிரம்மிங் (இசைப்படைப்பு)

டிரம்மிங் என்பது அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் (பிறப்பு 1936) இயற்றிய தாளக்கருவி இசைப்படைப்பு ஆகும். 1970 இலையுதிர்காலத்தில் தொடங்கி 1971இல் முடிக்கப்பட்ட இது, அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அரங்கேறியது. ஏறத்தாழ ஒரு மணிநேரம் நீளும் இதில், தாளம் பற்றிய இருவேறு சிந்தனைகள் சந்திக்கின்றன.

இயந்திரம் தந்த சிந்தனை

1965இல் ரைக் ஒரே பேச்சுப் பதிவை இரண்டு ஒலிநாடாக் கருவிகளில் ஒருசேர ஓடவிட்டார். வேகத்தில் இருந்த சிறு வேறுபாட்டால் ஒன்று மற்றொன்றை மெல்ல முந்தியது. அந்த விலகலில் புதிய தாளங்கள் கேட்டன. 1967இல் இம்முறையைப் பியானோவுக்குக் கொண்டுவந்தார். இருவர் ஒரே தாளக்கோவையை வாசிப்பர். ஒருவர் மட்டும் சற்றே விரைந்து, ஓர் எண்ணிக்கை முன்னே சென்று நிலைகொள்வார்.

கானாவில் கற்றது

1970 கோடையில் ரைக் கானா சென்று, இவே மக்களின் தலைமை முழவுக் கலைஞர் கிதியோன் அலோர்வோயியிடம் பயின்றார். மலேரியாவால் சில வாரங்களிலேயே திரும்ப நேர்ந்தது. இவே இசையில் மணி, கிலுக்கு, முழவுகள் ஆகியன தத்தமக்குரிய தாளக்கோவைகளை வாசிக்கும். அவை எல்லாம் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. எனினும் அவற்றுக்கிடையிலான உறவு நிலையானது. ரைக்கின் முறையிலோ அந்த உறவே நகர்கிறது. ஆகவே டிரம்மிங்கை ஆப்பிரிக்க இசையின் நகல் எனக் கொள்வது பொருந்தாது. தாளக்கருவிகளின் மீது தமக்கிருந்த நாட்டத்தைக் கானா உறுதிப்படுத்தியதாகவே ரைக் கூறினார். பிற பண்பாட்டின் ஒலியைப் போலச்செய்வதைவிட, அதன் இசைக் கட்டமைப்பிலிருந்து கற்பதே தக்கது என்பது அவர் நிலைப்பாடு. எனவே ஆப்பிரிக்க முழவுகளைத் தவிர்த்து, சுருதி சேர்த்த போங்கோக்களைப் பயன்படுத்தினார்.

அமைப்பு

படைப்பு முழுவதும் 12 எண்ணிக்கை கொண்ட ஒரே தாளக்கோவையிலிருந்து வளர்கிறது. முதலில் ஒரேயொரு அடி மட்டும் ஒலிக்கும். பின்னர் மௌனமான இடங்கள் ஒவ்வொன்றாக அடிகளால் நிரம்பும். நான்கு பகுதிகள் இடைவெளியின்றித் தொடரும்.

• முதற்பகுதி: போங்கோக்கள்.
• இரண்டாம் பகுதி: மரிம்பாக்களும் பெண் குரல்களும். கோவைகள் பின்னும்போது எழும் சந்தங்களைக் குரல்கள் எடுத்துப் பாடும்.
• மூன்றாம் பகுதி: குளோக்கன்ஸ்பீல்கள். அவற்றின் உச்ச ஒலியைக் குரல் எட்டாததால் சீழ்க்கையும் பிக்கலோ குழலும் அப்பணியை ஏற்கும்.
• நான்காம் பகுதி: அனைத்தும் சேர்ந்து ஒலிக்கும்.

முக்கியத்துவம்

படிப்படியாக நகரும் முறையை ரைக் கையாண்ட இறுதிப் படைப்பு இதுவே. 1972இல் இருவர் கைதட்டி வாசிப்பதற்கென எழுதிய கிளாப்பிங் மியூசிக்கில், கோவை மெல்ல நகராமல் ஒரே தாவலில் ஓர் எண்ணிக்கை இடம்பெயர்கிறது. இயந்திரத்தின் விலகலில் தொடங்கிய தேடல், எந்தக் கருவியும் தேவைப்படாத இரு கைகளில் வந்து நின்றது.