உயிர்ப்புப் பெருவிழாவுக்கான ஆயத்தம்: நாற்பது நாள் நோன்பின் பொருள் மாற்றம்

ஆய்வுச்சுருக்கம்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாற்பது நாள்கள் இன்று தனிமனிதரின் நோன்பு, செபம், ஒறுத்தல் ஆகியவற்றுக்குரிய காலமாகவே பெரிதும் அறியப்படுகின்றன. நான்காம் நூற்றாண்டு எருசலேமில் அக்காலம் திருமுழுக்குப் பெறவிருந்தோரைச் சமூகம் கூடிப் பயிற்றுவித்த கல்விக் காலமாகவும் விளங்கியது. அவ்வியல்பு மங்கியதையும் பின்னர் மீட்கப்பட்டதையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தவக்காலம், பாஸ்கா, திருமுழுக்கு, எகேரியா, எருசலேம்

முன்னுரை

இயேசு பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்ததைப் பின்பற்றியே தவக்காலம் தோன்றியது என்பது பரவலான விளக்கம். ஆயின் நோன்பின் கால அளவு தொடக்கத்தில் ஒரே சீராக இருக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாஸ்கா நாள் குறித்து எழுந்த பூசலின்போது, லியோன் ஆயர் இரேனியு உரோமை ஆயர் விக்டருக்கு ஒரு மடல் எழுதினார். சிலர் ஒரு நாளும், சிலர் இரு நாள்களும், சிலர் நாற்பது மணி நேரமும் நோன்பிருந்ததாக அதில் குறிப்பிடுகிறார். யூசேபியுவின் திருச்சபை வரலாற்றில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. நாற்பது நாள் காலத்தைச் சுட்டும் பெயர் கி.பி. 325-இல் கூடிய நிசேயாப் பொதுச்சங்கத்தின் ஐந்தாம் விதியில் காணப்படுகிறது. எனவே நாற்பது நாள் என்னும் வரையறை நான்காம் நூற்றாண்டில்தான் பரவலாக நிலைபெற்றது எனலாம். அந்நாள்கள் எதற்காகப் பயன்பட்டன என்பதே இங்கு எழும் வினா.

எருசலேமின் நாற்பது நாள்

இவ்வினாவுக்குத் தெளிவான விடை தரும் சான்று, கி.பி. 380-களில் எருசலேமில் தங்கியிருந்த எகேரியா என்னும் பெண் திருப்பயணியின் குறிப்பேடாகும். இதன் கையெழுத்துப்படி 1884-இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் கண்டறியப்பட்டது.

சனி, ஞாயிறு நாள்களில் நோன்பில்லாமையால் எருசலேமில் இக்காலம் எட்டு வாரங்களாக நீண்டது என்கிறார் எகேரியா. திருமுழுக்கை விரும்புவோர் முன்னரே தம் பெயரைப் பதிவு செய்துகொள்வர். பின்னர் ஆயர் ஒவ்வொருவரைப் பற்றியும் அவருடைய அண்டை வீட்டாரிடம் வினவுவார். அவர் நன்னடத்தை உடையவரா, பெற்றோரை மதிப்பவரா, குடிகாரரா, பொய்யரா என்பன அவ்வினாக்கள். குறை காணப்பட்டால், திருந்திய பின் வருமாறு அவர் திருப்பி அனுப்பப்படுவார். தம்மை அறிந்தோர் சான்று தராத வெளியூரார் எளிதில் திருமுழுக்கை அணுக இயலாது.

ஏற்கப்பட்டோர்க்கு நாள்தோறும் காலையில் மூன்று மணி நேரம் மறைக்கல்வி நடைபெற்றது. முதல் ஐந்து வாரங்களில் திருநூல் விளக்கப்பட்டது. அதன் பின்னரே நம்பிக்கை அறிக்கை கற்பிக்கப்பட்டது. பெரிய வாரம் நெருங்கியதும் ஒவ்வொருவரும் தம் ஞானப்பெற்றோருடன் வந்து ஆயர்முன் அவ்வறிக்கையை ஒப்புவித்தனர். முன்பே திருமுழுக்குப் பெற்றவர்களும் விரும்பினால் இவ்வுரைகளைக் கேட்கலாம். புதியவர்களின் ஆயத்தம் இவ்வாறு பழையவர்களுக்கும் மீள்கல்வியாயிற்று.

இத்தகைய உரைகளின் வடிவத்தை எருசலேம் ஆயர் சிரில் ஏறத்தாழ கி.பி. 350-இல் ஆற்றிய மறைக்கல்வி உரைகளில் காணலாம். ஒரு பெண்ணின் விருப்பத்துக்காகவோ தலைவனை மகிழ்விப்பதற்காகவோ ஒருவர் வந்திருக்கலாம் என்பதை அவர் தொடக்க உரையிலேயே சுட்டுகிறார். அத்தகையோரையும் ஏற்றுக்கொண்டு, நோக்கத்தை மாற்றிக்கொள்ளுமாறு அழைக்கிறார். மனமாற்றத்தையும் பாவ அறிக்கையையும் அவர் வலியுறுத்தத் தவறவில்லை. ஆகவே ஒறுத்தல் அக்காலத்தில் இல்லை என்பதன்று. அது கல்வியோடும் சமூகத்தின் பொறுப்போடும் பிணைந்திருந்தது என்பதே கருத்து.

கல்வி மங்கியமை

குழந்தைத் திருமுழுக்கு பொதுவழக்கானபோது, பெயர் பதிவு செய்து வாரக்கணக்கில் கற்போர் அருகினர். கற்போர் இல்லாத நிலையில் கற்பிக்கும் அமைப்பும் சடங்களவில் சுருங்கிற்று. எஞ்சிய ஒறுத்தல் கூறு முதன்மை பெற்றது. தொடக்கத்தில் பகிரங்கத் தவம் மேற்கொண்டோர்க்கு உரியதாயிருந்த சாம்பல் சடங்கு பின்னர் அனைவருக்கும் உரியதாயிற்று; 1091-ஆம் ஆண்டுப் பெனவெந்தோ சங்கம் அதை எல்லாருக்கும் வலியுறுத்தியது. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்து பாஸ்கா காலத்தில் நற்கருணை பெறவேண்டும் என விதித்தது. அண்டை வீட்டார் சான்று கூறிய இடத்தில், ஒருவர் தம் குருவிடம் தனியே பாவங்களை அறிக்கையிடும் முறை முதன்மையுற்றது. ஆயத்தத்தின் களம் சமூகத்திலிருந்து தனிமனச்சான்றுக்குப் பெயர்ந்தது.

மீட்பு

இருபதாம் நூற்றாண்டுக் கத்தோலிக்க வழிபாட்டுச் சீர்திருத்தம் இப்போக்கை மறுபரிசீலனை செய்தது. பன்னிரண்டாம் பயஸ் 1951-இல் பாஸ்கா திருவிழிப்பை மீண்டும் இரவு வழிபாடாகக் கொண்டாட இசைவளித்தார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டின் 109-ஆம் எண், தவக்காலத்துக்குத் திருமுழுக்கு, மனமாற்றம் என்னும் இரு இயல்புகள் உண்டென உரைத்தது. 1972-இல் வெளிவந்த வயதுவந்தோர் புகுமுகச் சடங்கு முறை, இறுதிக்கட்ட ஆயத்தத்தை மீண்டும் தவக்காலத்தில் அமைத்தது.

முடிவுரை

தமிழகக் கத்தோலிக்கர் வழங்கும் 'தவக்காலம்', 'திருநீற்றுப் புதன்' ஆகிய சொற்கள் ஒறுத்தல் கூற்றையே முன்னிறுத்துகின்றன. சீர்திருத்தச் சபையினர் வழங்கும் 'லெந்து' என்னும் கடன்சொல் தமிழில் இவ்விரு இயல்புகளில் எதையும் வெளிப்படுத்துவதில்லை. திருமுழுக்கு ஆயத்தம் என்னும் பழைய பொருள் இவ்வழக்குகளில் இடம்பெறவில்லை. எகேரியாவின் குறிப்பேடு காட்டும் எருசலேமில், 'நான் எதைத் துறப்பேன்' என்பதோடு, 'இவருக்காக யார் சான்று கூறுவர், இவருக்கு யார் கற்பிப்பர்' என்னும் வினாக்களும் எழுந்தன. தவக்காலத்தைத் தனிமனித நோன்பின் வரலாறாக மட்டும் எழுதினால் இவ்விரு வினாக்களும் விடுபட்டுப்போகும்.