நிறுத்திய இடத்தில் நிற்கும் விமானம்

கணினியில் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு காலத்தில் எந்தக் குறையும் இல்லை. பிடித்த ஊரில் தொடங்கலாம், பிடித்த விமானத்தை எடுக்கலாம், எரிபொருளுக்குக் காலணா செலவில்லை. மலையில் மோதினாலும் அடுத்த நொடியே ஓடுபாதையில் நிற்கலாம். இத்தனை சலுகையும் வேண்டாம் என்று உதறியவர்களிடமிருந்துதான் லாபக் கணக்குப் பார்க்கும் மெய்நிகர் விமான நிறுவனம் பிறந்தது.

விதை போட்டவர் புரூஸ் ஆர்ட்விக். விமானியின் கண்ணுக்குத் தெரியும் காட்சியைக் கணினியில் வரைந்து காட்டுவது பற்றி இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1975இல் ஆய்வேடு எழுதியவர். அவருடைய சப்லாஜிக் நிறுவனம் முதலில் ஆப்பிள் 2 கணினிக்கு ஒரு விளையாட்டை எழுதியது. 1982இல் அதன் வழிவந்த ஒன்றை மைக்ரோசாப்ட் ஐபிஎம் கணினிக்காக வெளியிட்டது. சிகாகோ ஏரிக்கரையின் மெய்க்ஸ் ஃபீல்டிலிருந்து கிளம்பி, வட்டமடித்து, இறங்கினால் ஆட்டம் முடிந்தது. ஏற்றிப்போக ஆளும் இல்லை, எதற்குப் போகிறோம் என்பதும் இல்லை.

1990இல் சப்லாஜிக்கே ‘ஏ.டி.பி.’ என்ற விளையாட்டில் பயணிகள் விமானத்தைக் கொடுத்து, இங்கிருந்து அங்கே போ என்று வேலையும் சொன்னது. அதற்குப் பிறகு இணையம் பரவியது. ரசிகர்கள் நிறுவனப் பெயர் வைத்துக்கொண்டார்கள், கால அட்டவணை போட்டார்கள், பறந்த மணிக்கணக்கைப் பார்த்துப் பதவி கொடுத்தார்கள். 1998இல் ஐவாவோ, 2001இல் வாட்சிம் என்ற வலையமைப்புகள் வந்தபின், இறங்க அனுமதி தருகிற கட்டுப்பாட்டாளரும் தன் வீட்டில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு ஆர்வலர்தான் என்றானது. எல்லாம் சரி, லாபம்? லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஜம்போவைக் காலியாக ஓட்டிப் போனாலும் அதே மணிக்கணக்கு, அதே பதவி உயர்வு!

பணம் நுழைந்தது மைக்ரோசாப்ட் விளையாட்டுக்கு 2003இல் வந்த பதிப்பின் காலத்தில். எஃப்எஸ்பாசஞ்சர்ஸ் என்ற கூடுதல் மென்பொருள், விமானத்துக்குள் முகம் சுளிக்கும் பயணிகளை உட்கார வைத்தது. தடாலென்று இறக்கினால் அவர்களுடைய அதிருப்தி கணக்கில் ஏறும். எஃப்எஸ்எகானமி இன்னும் ஒரு படி மேலே போய், எல்லா விளையாட்டுக்காரர்களையும் ஒரே சந்தையில் கொண்டுவந்து விட்டது. அங்கே என் கண்ணில் பெரியதாகப் படுவது ஒரே ஒரு விதி: விமானம் நிறுத்திய இடத்திலேயே நிற்கும். நேற்று அதை ஒரு மூலை ஊரில் விட்டிருந்தால் இன்றைக்கும் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும்.

இந்த ஒரு விதி போதும், மற்ற தலைவலிகள் தானாக வந்து சேரும். பயணி ஓர் ஊரில், விமானம் வேறோர் ஊரில். நடுவில் காலியாகப் பறந்தால் எரிபொருள் கைக்காசு. லாரிக்காரர்கள் ரிட்டர்ன் லோடுக்கு அலைவதுபோல விமானியும் திரும்பும் வழிக்கு நாலு பேரைத் தேடுவார். வாடகை விமானத்தை அதன் சொந்த ஊர்ப்பக்கம் கொண்டுபோனால் ஊக்கத்தொகை உண்டு, எதிர்த்திசையில் போனால் கூடுதலாக அழ வேண்டும். நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதனைச் செலவு வேறு. எரிபொருள் விலையும் ஊருக்கு ஊர் மாறும், அதை நிர்ணயிப்பவரும் அங்கே கடை போட்டிருக்கும் இன்னொரு விளையாட்டுக்காரராக இருப்பார்.

புதிதாக வருகிறவருக்கு ஜம்போ மேல்தான் ஆசை. ஆனால் சிற்றூர் நிலையத்தில் காத்திருப்பது இரண்டு பேர், மூன்று பேர், ஒரு மூட்டைச் சரக்கு. நானூறு இருக்கையை இப்படி நிரப்ப முடியுமா? விமானியைத் தவிர மூவர் மட்டும் உட்காரும் செஸ்னா 172, அதே ஊரில் ஒவ்வொரு முறையும் நிறைந்து போகும். லாபம் ஓட்டும் திறமையைவிட, எந்த ஊருக்கு எந்த அளவு விமானம் என்று பார்ப்பதில்தான் இருக்கிறது. நிஜ விமான நிறுவனங்கள் திணறுவதும் இந்த இடத்தில்தான் அல்லவா?

ரசிகர்கள் ஒட்டுப்போட்டு வைத்த இந்தக் கணக்கு, 2024 நவம்பரில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட பதிப்பில் ‘கேரியர்’ முறையாக உள்ளேயே வந்துவிட்டது. நிறுவனம் தொடங்கலாம், விமானம் வாங்கலாம், பராமரிப்புக்கு அழலாம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் மாதம் விமானம் வாங்காதீர்கள். வாடகைக்கு ஒரு 172 எடுங்கள், திரும்பும் வழிக்கும் ஆள் கிடைத்த பிறகு கிளம்புங்கள்.