காந்தத் தீவுகள்

காந்தமாக்கிய தையல் ஊசியை நெருப்பில் நன்றாகப் பழுக்கக் காய்ச்சினால் அதன் காந்தத் தன்மை போய்விடும். பள்ளியில் இந்தச் சோதனையை நீங்கள் செய்திருக்கலாம். வெப்பம் காந்தத்துக்குப் பகை. கணிப்பொறிகளுக்குக் காந்தத் தட்டுகள் செய்தவர்கள் இந்தப் பகையைப் பற்றி வெகுகாலம் கவலைப்படவில்லை. பிறகு கவலைப்பட வேண்டியதாயிற்று.

1898-இல் டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமார் பௌல்சன் எஃகுக் கம்பியில் மனிதக் குரலைக் காந்த முறையில் பதியும் கருவியை உருவாக்கினார். 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் குரலை அக்கருவி பதிந்தது. அதை இன்றும் கேட்க முடிகிறது! கம்பிக்குப் பின் நாடா வந்தது, நாடாவுக்குப் பின் தட்டு. 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் கணிப்பொறியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 இலட்சம் எழுத்துக்களே. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2,000 பிட்டுகள்.

இடம் போதாவிட்டால் பிட்டைச் சிறிதாக்க வேண்டியதுதானே என்பீர்கள். அப்படித்தான் செய்தார்கள். ஆனால் தட்டின் காந்தப் பூச்சு ஒழுங்கற்ற நுண்துகள்களால் ஆனது. ஒரு பிட்டுக்குள் பல துகள்கள் இருந்தால்தான் அதன் எல்லை தெளிவாகத் தெரியும். எனவே பிட்டோடு துகளும் சிறுக்க வேண்டும். வினை இங்கேதான் தொடங்குகிறது.

துகளின் காந்தத்தைத் திசை மாறாமல் பிடித்து வைக்கும் ஆற்றல் அதன் பருமனைப் பொறுத்தது. சுற்றுப்புற வெப்பமோ அதை ஓயாமல் உலுக்குகிறது. 1949-இல் பிரெஞ்சு அறிஞர் லூயி நீல் இதற்குக் கணக்கு வகுத்தார். நொடிக்கு 100 கோடி உலுக்கல்கள் என்று கொள்வோம். பிடிப்பாற்றல் வெப்ப ஆற்றலைப்போல் 40 மடங்கு இருந்தால் துகள் சராசரியாக ஏழாண்டு திசை மாறாமல் நிற்கும். பருமனைப் பாதியாக்குங்கள், மடங்கு 20 ஆகும். எவ்வளவு காலம் நிற்கும்? மூன்றரை ஆண்டா? இல்லை, அரை நொடி! நேற்று எழுதிய கணக்கு இன்று தட்டில் இராது.

பிடிப்பு வலுவான பொருளைப் பயன்படுத்தலாமே? அப்போது எழுதும் முனையாலேயே அதைத் திருப்ப முடியாமற் போகும்.

1990-களில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் சௌ என்பவரும் வேறு சிலரும் மாற்று வழி ஒன்றை ஆராய்ந்தனர். விதையைத் தெளிப்பதற்கும் கயிறு பிடித்து நாற்று நடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் அது. பூச்சைத் தனித்தனித் தீவுகளாக வரிசையில் அமைத்தால், ஒரு தீவு ஒரு பிட். தீவு முழுவதும் ஒரே காந்தமாகத் திரும்புவதால் அதன் முழுப் பருமனும் வெப்பத்தை எதிர்த்து நிற்கும். என் கண்ணுக்கு இத்துறையின் மிக அழகான யோசனை இதுவே.

அழகு போதவில்லை. சதுர அங்குலத்தில் ஓர் இலட்சம் கோடி தீவுகள் வேண்டுமென்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 25 நானோமீட்டர்தான். எலக்ட்ரான் கற்றையால் ஓர் அச்சு செய்து, முத்திரை குத்துவதுபோல் மற்றத் தட்டுகளில் பதிக்க முயன்றனர். 2013-இல் எச்.ஜி.எஸ்.டி. நிறுவனம் தாமே வரிசையாக அமையும் மூலக்கூறுகளின் துணையோடு 10 நானோமீட்டர் தீவுகளைச் செய்து காட்டியது. ஆயினும் செலவு மிகுதி. சாதாரணத் தட்டில் முனை எழுதிய இடமே பிட். இங்கோ, சுழலும் தட்டில் தீவு கீழே வரும் அந்தக் கணத்தில் எழுதியாக வேண்டும்.

கடைக்கு வந்தது மற்றொரு முறை. பிடிப்பு வலுவான பொருளை லேசர் ஒளியால் ஒரு கணம் சூடாக்கி இளக்கி, எழுதி, உடனே குளிரவிடுவது. 2024-இல் சீகேட் நிறுவனம் 30 டெராபைட் தட்டகங்களை இம்முறையில் அனுப்பத் தொடங்கியது. ஆம், அதே வெப்பம்தான்! தீவுகளையும் லேசரையும் ஒரே தட்டில் இணைக்கும் திட்டங்கள் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன.