கருமருந்துச் சுழல்துப்பாக்கியும் வரலாற்றுச் சான்றும்

வரலாறு எழுதுவோர்க்குப் பொருட்சான்றுகள் இன்றியமையாதன. ஆயின் ஆராயாது ஏற்கப்படும் பொருட்சான்று வரலாற்றைத் திரித்துவிடும். கல்வெட்டையும் நாணயத்தையும் ஆராய்வதற்கு நெறிமுறைகள் வகுத்துள்ள நாம், அண்மைக்காலப் பொருள்களை அத்துணைக் கவனத்தோடு நோக்குவதில்லை. மலைநாட்டுப் பங்களாக்களோடு தொடர்புபடுத்தப்படும் மேசை, மணிக்கூடு, துப்பாக்கி முதலியன ‘வெள்ளைத்துரை காலத்தவை’ என்ற ஒரு சொல்லாலேயே பழமையும் விலையும் பெற்றுவிடுகின்றன. அத்தகைய பொருள்களுள் ஒன்றாகிய கருமருந்துச் சுழல்துப்பாக்கியின் காலத்தையும் மதிப்பையும் துணிவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இவ்வாராய்ச்சிக்கு அப்புத்தளை தக்கதொரு களமாகும். பதுளையில் ஆட்சி அதிகாரியாக விளங்கிய மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ், 1,400 யானைகள் வரையிற் சுட்டுக் கொன்றவர் எனக் கூறப்படுபவர். அவர் 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட புனித மாற்கு தேவாலயம் பதுளையில் இன்றும் உண்டு. இத்தகைய பெயர் பெற்ற வேட்டைக்காரரைப் பழந்துப்பாக்கி ஒன்றோடு இணைத்துவிடுதல் எளிது. கோல்ற் ‘நேவி’ வகையைச் சேர்ந்த ஆறு அறைச் சுழல்துப்பாக்கி ஒன்று றொஜர்சின் உடைமை எனக் காட்டப்படுமாயின், வரலாற்று மாணவன் கூறவேண்டிய விடை யாது?

முதற்கண் நோக்கவேண்டியது காலமாகும். சாமுவேல் கோல்ற் தம் சுழல்துப்பாக்கிக்கு இங்கிலாந்தில் 1835இலும் அமெரிக்காவில் 1836இலும் காப்புரிமை பெற்றார். எனினும், 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சிக்குப் பின்னரே அஃது ஆங்கிலேயரிடையே பரவலாக அறியப்பட்டது. ‘நேவி’ வகை சந்தைக்கு வந்ததும் ஏறத்தாழ அக்காலத்திலேதான். கோல்ற் இலண்டனில் நிறுவிய தொழிற்சாலை 1853இல் இயங்கத் தொடங்கிச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. எனவே, 1845இல் மாண்டவர் கையில் இத்துப்பாக்கி இருந்திருத்தல் இயலாது. இதன் உருளையில் ‘1843 மே 16’ என்னும் திகதி பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு மயங்குவோரும் உளர். அது டெக்சாஸ் கடற்படைக்கும் மெக்சிக்கோக் கடற்படைக்குமிடையே நிகழ்ந்த போரின் நாளேயன்றி, துப்பாக்கி செய்யப்பட்ட நாளன்று.

இதன் இயக்கமுறையும் காலத்தை உணர்த்துவதாகும். உருளையின் ஒவ்வோர் அறையிலும் முன்புறமாகக் கருமருந்தும் ஈயக்குண்டும் இட்டு இறுக்கி, பின்புறத்தில் வெடிப்பொருள் அடங்கிய சிறு செம்புத் தொப்பியைப் பொருத்துதல் வேண்டும். 1870களில் மருந்தும் குண்டும் ஒருங்கே அமைந்த உலோகத் தோட்டா இம்முறையைப் பின்தள்ளியது. ஆகவே, இவ்வகைத் துப்பாக்கி பெரிதும் வழங்கிய காலம் இலங்கையின் கோப்பிக் காலத்தோடு ஒத்துச் செல்கின்றது. 1869இல் கோப்பி இலைநோய் தோன்றியது; தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார்; 1893இல் புகையிரதப் பாதை அப்புத்தளையை எட்டியது. தேயிலை ஓங்கிய இக்காலத்தில் கருமருந்துச் சுழல்துப்பாக்கி ஏற்கெனவே பழம்பொருளாகிவிட்டது.

அடுத்து எழுவது, கையிலுள்ளது மூலமா பிரதியா என்னும் வினாவாகும். 1950களின் பிற்பகுதியில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய வேளையில், இத்தாலிய நாட்டுப் பட்டறைகள் இப்பழந்துப்பாக்கிகளின் பிரதிகளைச் செய்யத் தொடங்கின. பிரெசியா நகருக்கு அண்மையிலுள்ள கார்டோனே அத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊராகும். உருவிலும் சித்திரவேலைப்பாட்டிலும் பிரதி மூலத்தை ஒத்திருப்பினும், சட்டப்படி இடப்பட்ட சோதனை முத்திரைகள் அதனைக் காட்டிக்கொடுக்கும். இத்தாலியப் பிரதிகளில் கருமருந்தைக் குறிக்கும் ‘பி.என்.’ என்னும் எழுத்துகளும், செய்த ஆண்டைக் குறிக்கும் குறியீடும் காணப்படும். இக்குறியீடு முன்னர் உரோம இலக்கங்களாலும், 1975 முதல் ஈரெழுத்துகளாலும் அமைந்தது. இலண்டனில் செய்யப்பட்ட மூலத்திலோ குழலின்மேல் கோல்றின் இலண்டன் முகவரியும், இலண்டன் சோதனைச்சாலையின் முடி முத்திரைகளும் இருக்கும். குழல், உருளை, சட்டகம் ஆகியவற்றில் ஒரே தொடரிலக்கம் அமைந்திருத்தல் அவை தொடக்கத்திலிருந்தே ஒன்றாய் இருந்தமைக்குச் சான்றாகும். முத்திரைகள் அராவப்பட்ட சுவடு தென்படின் ஐயம் வலுப்பெறும்.

பிரதிக்கும் அதற்குரிய விலை உண்டு. பயன்படுத்தப்பட்ட பிரதியை மதிப்பிடுவோர் செய்த பட்டறையையும் சட்டகத்தின் உலோகத்தையும் முதலில் நோக்குவர். பித்தளைச் சட்டகம் தொடர்ந்த வெடியதிர்ச்சியால் தளர்வதால், உருக்குச் சட்டகமே கூடிய விலை பெறும். விசையை இழுத்து நிறுத்தியதும் உருளை அசையாது பூட்டிக்கொள்கின்றதா, தொப்பி பொருந்தும் முனைகள் சிதைந்துள்ளனவா, குழலின் உட்புறம் துருவேறியுள்ளதா என்பனவும் நோக்கப்படும். கருமருந்தின் எச்சம் ஈரத்தை உறிஞ்சுவதால், துப்புரவு செய்யப்படாத துப்பாக்கி அப்புத்தளை போன்ற மூடுபனி சூழ்ந்த இடங்களில் விரைவிற் கெட்டுவிடும். மூலத்தையோ எனில், துருத் தாளிட்டு மெருகேற்றுதல் அதன் பழமைப் படிவை அழித்து மதிப்பைக் குறைக்கும். அறைகள் வெறுமையாயுள்ளனவா என்பதைத் தேர்ச்சி பெற்றோரே முதலிற் பார்த்தல் வேண்டும். மேலும், 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தையும் மறத்தலாகாது.

காலமும் செய்தவரும் உலோகத்திலிருந்தே துணியப்படலாம். யார் யார் கைவழி அது வந்தது என்பதை உலோகம் கூறாது, ஆவணங்களே கூறவேண்டும். வரலாற்று மதிப்பின் பெரும்பகுதி இவ்வினாவிலேயே தங்கியுள்ளது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியிற் கவர்ந்து சென்ற அணிபீரங்கி இதற்கு எடுத்துக்காட்டாகும். அது கைமாறிய வரலாறு ஆராய்ந்து துணியப்பட்டமையாலேயே 2023இல் நெதர்லாந்து அதனை இலங்கையிடம் ஒப்படைத்தது. பொன்னும் மணியும் இழைத்த அதன் அழகு மட்டும் அதனை மீட்டுத் தந்திருக்க மாட்டாது.

இவ்விடத்தில் மலையகத்தார்க்கே உரிய வினாவொன்று எழுகின்றது. துரைமாரின் துப்பாக்கிகள் தொடரிலக்கத்தோடும் முத்திரையோடும் வந்தன. அவர்களின் பெயர்கள் நினைவுக்கற்களிலும் வேட்டை நூல்களிலும் நிலைபெற்றன. காடழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்ட தமிழ்த் தொழிலாளரின் வரவையும் வாழ்வையும் காட்டுவன பெரும்பாலும் துண்டுச் சீட்டு, செக்றோல் பதிவு, பிறப்பு மரணப் பதிவு ஆகிய கடதாசிகளே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், மணமானவராயின் 7 ஆண்டும் ஏனையோராயின் 10 ஆண்டும் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து வதிந்தமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு குடும்பத்தின் உரிமை ஒரு பழைய கடதாசியில் தங்கியிருந்த காலம் அது. அத்தகைய கடதாசிகளைக் கறையானுக்கு இரையாக்கிவிட்டு, துரையின் துப்பாக்கி என ஒரு பிரதியைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்போமாயின், நம் மதிப்பீடு பிழைத்துவிட்டது என்பதே பொருள்.

ஆதலின், பழந்துப்பாக்கியை ஆராயும் நெறி அதனோடு நின்றுவிடலாகாது. எக்காலத்தது, யார் செய்தது, யார் கைவழி வந்தது என்னும் மூன்று வினாக்களையும் லயத்து அறைகளில் எஞ்சியுள்ள கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக்கூடை, பெயர்ச்சீட்டு ஆகியவற்றிடமும் நாம் வினவுதல் வேண்டும். அவற்றிற் பலவற்றுக்கு விடை கூறவல்ல முதியோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்தம் வாய்மொழியைத் திகதியோடும் தோட்டத்தின் பெயரோடும் எழுதிவைத்தல் பல்கலைக்கழகம் புகுந்த மலையக மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க வரலாற்றுப் பணியாகும்.