அனுமதியின் வரலாறு: உடனடிச் செய்தி கேட்வேக்கள், 1999–2024

1996 நவம்பரில் இஸ்ரேலின் மிராபிலிஸ் நிறுவனம் ஐசிக்யூ என்ற உடனடிச் செய்திச் சேவையை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஏஓஎல்லின் எய்ம், 1998இல் யாகூவின் சேவை, 1999 ஜூலையில் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மெசஞ்சர் என வரிசையாக வந்தன. ஒன்றில் இருந்தவரால் இன்னொன்றில் இருந்தவரோடு பேச முடியவில்லை. இதற்கு ஒரு தீர்வாக, 1999 ஜனவரியில் ஜெரமி மில்லர் ஜாபர் திட்டத்தை அறிவித்தார். பயனரின் செயலிக்கு ஜாபர் நெறிமுறை மட்டும் தெரிந்தால் போதும். பிற வலைப்பின்னல்களின் நெறிமுறைகளைப் பேசுவது வழங்கியோடு இணைந்த ஒரு தனி மென்பொருளின் வேலை. அதுவே கேட்வே.

கேட்வேயின் வரலாற்றைத் தொழில்நுட்பச் சிக்கல்களின் வரலாறாக எழுதுவதே வழக்கம். ஆனால் சான்றுகளைப் பார்த்தால், நெறிமுறைகளுக்கு இடையிலான மொழிபெயர்ப்புச் சிக்கல் தொடக்கத்திலேயே பெருமளவு தீர்ந்துவிட்டது. பிறர் வலைப்பின்னலுக்குள் நுழைய யார் அனுமதி தருவது என்பதுதான் தீராமல் நின்றது.

ஒரு செய்தி கடந்த பாதையைப் பார்ப்போம். ஜாபர் பயனர் தன் எய்ம் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்வேயில் பதிவு செய்வார். கேட்வே அவர் பெயரிலேயே ஏஓஎல் வழங்கிக்குள் நுழைந்து, நண்பர் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு ஜாபர் முகவரி தரும். எம்எஸ்என் நண்பரின் பெயரே மின்னஞ்சல் முகவரி என்பதால் ஒரே முகவரியில் இரண்டு @ குறிகள் வந்துவிடும். எனவே முதலாவதை % ஆக்கினார்கள். ஜாபர் செய்தி எக்ஸ்எம்எல் உரை. ஏஓஎல்லின் ஆஸ்கார் நெறிமுறையோ இருமத் தரவு: 6 பைட் தலைப்பு, அதன் முதல் பைட்டின் மதிப்பு எப்போதும் 42, பிறகு சேனல், வரிசை எண், நீளம். கேட்வே எக்ஸ்எம்எல் உறையைக் களைந்து, உரையை இந்தப் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பும். உரை பெரும்பாலும் சேதமின்றிப் போய்ச் சேர்ந்தது. தேய்ந்தவை நிலைக் குறிப்புகள்தாம்: எம்எஸ்என்னில் ஒருவர் மதிய உணவுக்குப் போயிருப்பதாகக் காட்டினால், ஜாபர் நண்பருக்கு அவர் இடத்தில் இல்லை என்பது மட்டுமே தெரியும்.

இத்தகைய இழப்புகளைப் பயனர்கள் பொறுத்துக்கொண்டார்கள். வலைப்பின்னலின் உரிமையாளர்கள் பொறுக்கவில்லை. 1999இல் எம்எஸ்என் மெசஞ்சர் நேரடியாக எய்ம் வழங்கிகளோடு பேசத் தொடங்கியதும் ஏஓஎல் அதைத் தடுத்தது. மைக்ரோசாஃப்ட் மாற்றி எழுதியது. ஏஓஎல் மீண்டும் தடுத்தது. இறுதியில் ஏஓஎல் தன் சொந்தச் செயலியில் இருந்த நினைவகப் பிழை ஒன்றையே அடையாளச் சோதனையாக்கியது. அந்தப் பிழை இல்லாத செயலியால் சரியான பதில் தர இயலாது. பயனரின் கணினிப் பாதுகாப்பைவிடத் தன் மதிலை முக்கியமாகக் கருதிய இந்தச் செயலை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. மைக்ரோசாஃப்ட் சில மாதங்களில் முயற்சியைக் கைவிட்டது. கேட்வேக்களைத் தடுப்பது இதைவிட எளிது: நூற்றுக்கணக்கானோர் ஒரே ஐபி முகவரியிலிருந்து நுழைவதால், அந்த ஒன்றை அடைத்தால் போதும்.

2001 ஜனவரியில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், ஏஓஎல்–டைம் வார்னர் இணைப்புக்கு அனுமதி தந்தபோது, பிற வலைப்பின்னல்களோடு இயங்காமல் வீடியோ போன்ற மேம்பட்ட செய்திச் சேவைகளைத் தரக்கூடாது என்று நிபந்தனை விதித்தது. 2003இல் அது நீக்கப்பட்டது.

ஜாபர் நெறிமுறை 2004இல் எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் இணையத் தரமானது. 2006இல் கூகுள் டாக் பிற எக்ஸ்எம்பிபி வழங்கிகளுக்குக் கதவைத் திறந்தது. அங்கே கேட்வேயே தேவைப்படவில்லை. 2013இல் தன் ஹேங்அவுட்ஸ் சேவை வந்ததும் கூகுள் அந்தப் பாதையிலிருந்து விலகியது. ஃபேஸ்புக் 2010இல் தந்த எக்ஸ்எம்பிபி வசதி, தன் உள் அமைப்புக்கு மேல் தானே வைத்த மொழிபெயர்ப்பு அடுக்கு மட்டுமே. அதுவும் பின்னர் மூடப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 7ஆம் பிரிவு, வாட்ஸ்அப் போன்ற பெரிய சேவைகள் கேட்கும் நிறுவனங்களுக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்கிறது. முனைக்கு முனை மறையாக்கம் குலையக் கூடாது என்றும் விதிக்கிறது. பழைய கேட்வே செய்தியைப் படித்துத்தான் மாற்றி எழுதியது. படிக்க முடியாத செய்தியை அது மொழிபெயர்க்க முடியாது. எனவே மறையாக்கமும் வடிவ மாற்றமும் வழங்கியிலிருந்து கைப்பேசிக்கு நகர்கின்றன. அணுக விரும்பும் நிறுவனம் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவோடு ஒப்பந்தமும் செய்ய வேண்டும். இந்த உரிமையும் ஐரோப்பிய ஒன்றியப் பயனர்களுக்கே. வாட்ஸ்அப்பை மிக அதிகம் பயன்படுத்தும் இந்தியாவில் இதற்கு இணையான சட்டம் இயற்றப்படவில்லை.