பெயரைச் சுற்றிய பிறைகள்

வாக்கியத்தின் நடுவே ஒரு விளக்கத்தைத் தனியே ஒதுக்கி வைக்க நாம் இடும் வளைந்த கோடுகளுக்குத் தமிழில் பிறை அடைப்பு என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எராஸ்மஸ் என்னும் பேரறிஞரும் இலத்தீனில் அவற்றைச் 'சிறு நிலாக்கள்' என்றே அழைத்தார். இத்துணை எளிய, எவருக்கும் தீங்கு செய்யாத ஒரு குறியும் நம் காலத்தில் நஞ்சேற்றப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2014ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில், வெள்ளை இனவெறியர் சிலர் இணையத்தில் ஓர் ஒலிநிகழ்ச்சி நடத்தி வந்தனர். அதில் யூதர் ஒருவரின் பெயர் வரும்போதெல்லாம் அப்பெயர் எதிரொலிப்பதுபோல் ஓசை எழுப்புவார்கள். அந்த எதிரொலியை எழுத்தில் காட்ட எண்ணியபோதுதான் (((பெயர்))) என மும்மூன்று பிறைகள் இருபுறமும் வந்து நின்றன. எள்ளலாகத் தொடங்கியது விரைவில் வேட்டைக் கருவியாயிற்று. கூகுள் நிறுவனத்தின் இணைய உலாவியோடு இணைத்துக்கொள்ளும் ஒரு சிறு நிரலையும் உருவாக்கினர். வாசிப்பவர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், பட்டியலில் உள்ள பெயர்களைச் சுற்றி அது தானாகவே பிறைகளை இட்டுவிடும். அப்பட்டியலில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன.

இக்குறியின் சூழ்ச்சி அதன் எளிமையிலேயே இருந்தது. தேடுபொறிகள் பொதுவாக நிறுத்தக்குறிகளைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே வசைச்சொல்லைத் தேடிப் பிடிப்பதுபோல் இதைத் தேடிப் பிடிக்க இயலாது. அறிந்தவர் கண்ணுக்கு மட்டுமே அது தெரியும். குறிவைக்கப்பட்டவரே அறியாமலிருப்பார்.

2016 மே மாதத்தில், 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஜொனத்தன் வைஸ்மன், பாசிசத்தின் வருகையை எச்சரித்த ஒரு கட்டுரையை டுவிட்டரில் பகிர்ந்தார். முன்பின் அறியாத ஒருவர் அவர் பெயரைப் பிறைகளுக்குள் இட்டு வணக்கம் சொன்னார். இதன் பொருள் என்ன என்று வைஸ்மன் கேட்டதுதான் தாமதம், ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் வாயிற்படம் உட்பட வெறுப்பு வெள்ளமெனப் பாய்ந்தது. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே கூகுள் அந்த நிரலை நீக்கிற்று. யூத வெறுப்பை எதிர்க்கும் அமெரிக்க அமைப்பொன்று இக்குறியைத் தன் வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

அதே நாள்களில் யாயிர் ரோசன்பெர்க் என்னும் இதழாளர் வேறொரு வழியைக் காட்டினார். நம் பெயரைச் சுற்றி நாமே பிறைகளை இட்டுக்கொள்வோம் என்றார். ஜெஃப்ரி கோல்ட்பெர்க் முதலான இதழாளர்கள் அவ்வாறே செய்தனர். யூதரல்லாத பலரும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். அடையாளம் காட்டுவதற்கென்று பிறந்த குறி, இப்போது யாரையும் அடையாளம் காட்ட முடியாமல் தடுமாறியது. ஒரு தெருவில் ஒரே ஒரு வீட்டுக்கதவில் சுண்ணாம்புக்கோடு இருந்தால் அது அச்சுறுத்தல். எல்லாக் கதவுகளிலும் இருந்தால் அதற்கு என்ன பொருள்?

மனிதரைக் குறியிட்டுப் பிரிக்கும் இவ்வழக்கம் இணையத்தோடு தோன்றியதன்று. நாம் மனவேதனையோடு ஏற்க வேண்டிய வரலாறு ஒன்று இங்கே இருக்கிறது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், யூதரும் இசுலாமியரும் உடையால் வேறுபடுத்தி அறியப்பட வேண்டும் என விதித்தது. 1269இல் பிரான்சின் மன்னர் ஒன்பதாம் லூயிஸ், நாம் புனிதராக வணங்கும் அதே லூயிஸ், யூதர்கள் மார்பிலும் முதுகிலும் வட்டத்துணி தைத்துக்கொள்ள ஆணையிட்டார். நாசிகள் இதைப் பெயருக்கும் நீட்டித்தனர். யூதர் என்று பெயரால் தெரியாத ஆண்கள் 'இஸ்ரயேல்' என்றும் பெண்கள் 'சாரா' என்றும் கூடுதல் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்னும் ஆணை 1939 சனவரி முதல் செயலுக்கு வந்தது. முதுபெரும் தாயின் பெயரே முத்திரையாயிற்று! 1941 செப்டம்பரில் மஞ்சள் விண்மீன் செருமனி முழுவதும் கட்டாயமாயிற்று.

1942 சூனில் அவ்விண்மீன் பாரிசுக்கு வந்தபோது, யூதரல்லாத இளைஞர் சிலர் தாமே மஞ்சள் விண்மீன்களை வெட்டி, அவற்றில் வேடிக்கைச் சொற்களை எழுதி அணிந்து தெருவில் நடந்தனர். 2016இல் நடந்ததன் முன்னோடி அது எனலாம். ஆனால் விலை ஒன்றன்று. டுவிட்டரில் பிறை இட்டவர் மறுநாள் அதை அழித்துவிடலாம். அதனாலேயே, இது மலிவான தோழமை என்று முகம் சுளித்த யூதரும் இருந்தனர். அவர்கள் சொல்லிலும் நியாயம் உண்டு. பாரிசு இளைஞர்களுக்கோ அந்த வசதி இல்லை. அவர்கள் கைதாகித் திரான்சி முகாமில் அடைக்கப்பட்டனர். 'யூதர்களின் நண்பர்' என்று எழுதிய பட்டையை அங்கே அவர்கள் அணிய வேண்டியிருந்தது. ஆகஸ்டு இறுதியில் அவர்கள் வீடு திரும்பினர். அதே முகாமிலிருந்த யூதர்களை ஏற்றிக்கொண்டு தொடர்வண்டிகள் ஆஷ்விட்சுக்குப் போய்க்கொண்டிருந்தன.