வேலை பழகப் போனவர்கள்

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போனார்கள். உறவுக்காரர்கள். மழை சரியாகப் பெய்யாத பூமி, விவசாயத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. தீப்பெட்டி செய்வது எப்படி என்று கற்றுக்கொண்டு வரத்தான் அவ்வளவு தூரம் போனார்கள். சில மாதம் அங்கேயே தங்கித் தொழிலைப் பழகிவிட்டு, 1923-ல் சொந்த ஊரில் தீப்பெட்டி உற்பத்தியைத் தொடங்கினார்கள். அதிலிருந்து பட்டாசு, பிறகு இரண்டுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத்தொழில் என்று ஊர் விரிந்தது. எங்கள் பக்கம் இந்தக் கதை தெரியாத ஆள் குறைவு.

அவர்கள் போன காரியத்துக்கு இன்றைய பெயர் இன்டர்ன்ஷிப். ஆனால் எம்.பி.ஏ.வோ எம்.ஏ. பொருளாதாரமோ படிக்கும் ஒருவர் இன்று அதே காரியத்துக்குப் போவதென்றால் கல்லூரிக் கடிதம், கம்பெனியின் ஒப்புதல் கடிதம், தினசரிக் குறிப்பேடு, வழிகாட்டியின் கையெழுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட், கடைசியில் வைவா என்று ஒரு வரிசையே இருக்கிறது. எல்லாம் முடிந்தால் மார்க் ஷீட்டில் ஒரு வரி விழும், அதன் பக்கத்தில் ஒரு சின்ன எண் இருக்கும். அந்த எண்தான் கிரெடிட்.

அந்த எண் எங்கிருந்து வந்தது? வேலை பழகுவதோடு அது எப்போது ஒட்டிக்கொண்டது? ஒட்டிக்கொண்ட பிறகு யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அதற்கு முதலிரண்டையும் தாண்டித்தான் போகவேண்டும்.

பெட்டியடிப் பையன்

கிரெடிட் என்ற சொல் வருவதற்கு முன்பே தமிழ்நாட்டில் முறையான வணிகக் கல்வி இருந்தது. பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார் கடைகளைச் சொல்கிறேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியும் மனக்கணக்கும் படித்த பையன், மீசை அரும்பும் முன்பே கப்பலேறிவிடுவான். கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கணக்குப்பிள்ளைக்கு எடுபிடி, பேரேட்டில் கை பழகுதல், வட்டி போடுதல், வாங்க வருகிறவனின் முகத்தைப் பார்த்துக் கடனைத் திருப்புவானா என்று எடை போடுதல் எல்லாம் அங்கேதான். அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள், கெட்டிக்காரனாக இருந்தால் ஒருநாள் தனிக்கடை. ஒரு 'கணக்கு' என்பது பொதுவாக மூன்று வருஷம். சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே. சம்பளம் முன்கூட்டியே பேசி முடித்திருப்பார்கள்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. 1964-ல் வெளிவந்த 'ஹியூமன் கேப்பிட்டல்' நூலில் கேரி பெக்கர், பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் உதவுகிற பொதுத்திறன். இன்னொன்று, கற்றுக்கொடுத்த கம்பெனிக்குள் மட்டும் செல்லுபடியாகும் தனித்திறன். பொதுத்திறனைக் கற்றுக்கொடுக்க முதலாளி செலவு செய்யமாட்டார், ஏனென்றால் கற்றவன் நாளைக்கே பக்கத்துக் கடைக்குப் போய்விடலாம். அந்தச் செலவு குறைந்த கூலியாகக் கற்பவன் தலையில்தான் விழும் என்பது அவருடைய வாதம்.

வட்டிக் கணக்கு சுத்தமான பொதுத்திறன். அப்படியிருந்தும் செட்டியார் ஏன் சோறு போட்டுச் சம்பளமும் கொடுத்தார்? பையன் ஓடிப்போக வழியில்லை, அதனால்தான். எல்லோரும் ஒன்பது கோயிலுக்குள் அடங்கிய சொந்தக்காரர்கள். ரங்கூனில் கெட்ட பெயர் எடுத்தால் காரைக்குடியில் பெண் கிடைக்காது. எழுதிவைத்த ஒப்பந்தத்தைவிடச் சாதி கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதனால்தான் இந்த முறையைப் பார்த்து ரொம்ப உருகவும் முடியாது. உள்ளே பிறந்தவனுக்கு அது அருமையான பள்ளிக்கூடம். வன்னியம்பட்டியில் ஒரு சம்சாரி வீட்டில் பிறந்தவனுக்கு அந்தப் பெட்டி பக்கத்தில் உட்கார இடமே கிடையாது. பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஏழு வருஷமா?

ஐரோப்பாவில் இதே வேலையைச் சட்டம் செய்தது. இங்கிலாந்தில் 1563-ல் வந்த சட்டப்படி ஒரு தொழிலில் இறங்க ஏழு வருஷம் பழகியிருக்க வேண்டும். நல்ல தொழில் என்றால் பையனைச் சேர்த்துக்கொள்ளவே அப்பா முதலாளிக்கு 'பிரீமியம்' கட்டவேண்டும். ஆடம் ஸ்மித் 1776-ல் இதைக் கடுமையாகத் தாக்கினார். இவ்வளவு நீண்ட பழகுகாலம் தேவையே இல்லை, கூட்டத்தைக் குறைத்து லாபத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே இந்த ஏற்பாடு என்றார். அந்த வருஷங்களில் பையனின் உழைப்பெல்லாம் எஜமானுக்குப் போகிறது, அவனுக்குச் சோறு பல நேரம் பெற்றோர் வீட்டிலிருந்து வருகிறது என்பதையும் கவனித்து எழுதினார். பொருளாதாரம் படிக்கிறவர்கள் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலையைத் தாண்டி இந்தப் பக்கத்துக்கும் வரவேண்டும்.

இந்தியாவுக்குப் பழகுநர் சட்டம் 1850-லேயே வந்துவிட்டது. யாருக்காக என்று பார்த்தால் மனசு கனக்கும். அநாதைப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும். பத்து வயதிலிருந்து பதினெட்டுக்குள் இருப்பவர்களை அதிகபட்சம் ஏழு வருஷம் ஒரு எஜமானிடம் கட்டிவைக்க அந்தச் சட்டம் வழிசெய்தது. படித்தவர்களுக்கும் இது வேண்டும் என்ற எண்ணம் வர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1961-ல் புதிய சட்டம் வந்தது. 1973-ல் பொறியியல் பட்டதாரிகளைச் சேர்த்தார்கள். மற்றப் பட்டதாரிகளுக்குக் கதவு திறந்தது 2014 திருத்தத்தில்தான். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் பழகுநருக்கு உதவித்தொகை கொடுத்தே ஆகவேண்டும். இன்டர்ன்ஷிப் இந்தச் சட்டத்துக்குள் வராது. 'அப்ரென்டிஸ்' என்றால் காசு, 'இன்டர்ன்' என்றால் கம்பெனியின் மனசு.

1906

இப்போது கிரெடிட்டுக்கு வருவோம். 1905-ல் ஆண்ட்ரூ கார்னகி பெரிய தொகை ஒன்றை ஒதுக்கி ஓர் அறக்கட்டளை தொடங்கினார். கல்லூரி ஆசிரியர்களுக்குப் பென்ஷன் கொடுப்பது அதன் வேலை. எது கல்லூரி, எது வெறும் பள்ளிக்கூடம் என்று பிரித்தால்தானே பென்ஷன் கொடுக்க முடியும்? பள்ளியில் ஒரு பாடத்தை இத்தனை மணி நேரம் படித்தால் ஒரு 'யூனிட்', இத்தனை யூனிட் முடித்தவரைச் சேர்த்துக்கொள்வதே கல்லூரி என்று 1906 வாக்கில் வரையறுத்தார்கள். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 120 மணி நேரம். 1910-ல் அதே அறக்கட்டளைக்காக மாரிஸ் குக் என்ற என்ஜினீயர் ஓர் அறிக்கை எழுதினார். தொழிற்சாலையில் ஸ்டாப் வாட்ச் பிடித்து வேலையை அளந்த டெய்லரின் சிஷ்யர் அவர். கல்லூரிகளும் தங்கள் உற்பத்தியை 'மாணவர்-மணி' கணக்கில் அளக்கவேண்டும் என்றார். இன்றைய கிரெடிட்டுக்கு வம்சாவளி இதுதான். எவ்வளவு கற்றாய் என்று அது கேட்கவேயில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாய் என்றுதான் கேட்டது.

அதே 1906-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் வேறொன்றைத் தொடங்கினார். 27 பொறியியல் மாணவர்கள். ஒரு வாரம் வகுப்பு, அடுத்த வாரம் தொழிற்சாலை. தொழிற்சாலையில் இருக்கும் வாரத்துக்குக் கூலி உண்டு. படிப்பும் வேலையும் மாறி மாறி வரும் இந்த 'கோ-ஆப்' முறை பிறகு பல கல்லூரிகளுக்குப் பரவியது. இன்றைய இன்டர்ன்ஷிப்பின் மூதாதை இதுவென்றால், அந்த மூதாதை சம்பளம் வாங்கினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஒரே வருஷத்தில் பிறந்த இந்த இரண்டும், மணிநேரத்தை அளக்கும் எண்ணும் வேலையோடு சேர்ந்த படிப்பும், பின்னால் ஒன்றாகக் கலந்தன. கலந்தபோது எண் தங்கியது, கூலி பல இடங்களில் கழன்றுகொண்டது.

கேடயம், விசா

எப்படிக் கழன்றது என்பதற்கு அமெரிக்கச் சட்டம் நல்ல உதாரணம். ரயில்வேயில் ஒரு வாரம் வேலை பழகிய ஆட்கள் தொழிலாளர்களா என்ற வழக்கில், இல்லை, அவர்கள் பயிற்சி பெறுகிறவர்கள் என்று 1947-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சின்ன ஓட்டை வழியாகப் பின்னால் சம்பளமில்லாத இன்டர்ன்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். 'பிளாக் ஸ்வான்' படத்தில் சம்பளமில்லாமல் வேலைபார்த்த இன்டர்ன்கள் போட்ட வழக்கில் 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த ஏற்பாட்டால் அதிகப் பலன் அடைவது இன்டர்னா கம்பெனியா என்று பார்க்கச் சொன்னது. பார்க்கவேண்டிய அம்சங்களில் ஒன்று, கல்லூரி கிரெடிட் கிடைக்கிறதா என்பது. இப்படிக் கிரெடிட் கம்பெனிக்குக் கேடயம் ஆனது. கிரெடிட் சும்மா வராது, அதற்கு மாணவர் டியூஷன் ஃபீஸ் கட்டவேண்டும். ஆக, சம்பளமில்லாமல் வேலைபார்க்கும் உரிமைக்குக் காசு கொடுப்பது மாணவர். ஸ்மித் எதிர்த்த பிரீமியம், இந்த முறை முதலாளிக்குப் பதில் கல்லூரிக்குப் போகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் எம்.எஸ்., எம்.பி.ஏ., பொருளாதாரத்தில் பிஎச்.டி. படிக்கும் நம்மூர் நண்பர்களிடம் கேட்டால் 'சிபிடி' என்பார்கள். எஃப்-1 விசாவில் இருப்பவர் படிப்புக் காலத்தில் வெளியே வேலைபார்க்க வேண்டுமென்றால் அந்த வேலை பாடத்திட்டத்தின் அங்கமாக இருக்கவேண்டும். அதற்காகவே பல துறைகள் கோடையில் 'இன்டர்ன்ஷிப்' என்று ஒரு கிரெடிட் பாடம் வைத்திருக்கின்றன. இங்கே சம்பளம் தாராளமாகவே கிடைக்கும். ஆனால் அந்த ஒரு கிரெடிட்டை வாங்கினால்தான் கம்பெனி வாசலை மிதிக்கலாம். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால், படிப்புக்குப் பிறகு கிடைக்கும் வேலை அனுமதி போய்விடும் என்பதால் எல்லோரும் மாதத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள். மணிநேரத்தை அளக்கப் பிறந்த எண், இங்கே குடியேற்றத்துறை பார்க்கும் எண்ணாகிவிட்டது.

நம்ம ஊரில்

1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் வந்தன, ஒன்று எம்.ஐ.டி. துணையோடு, இன்னொன்று ஹார்வர்டு துணையோடு. இரண்டு வருஷப் படிப்புக்கு நடுவில் வரும் கோடையில் கம்பெனிக்குப் போவது அந்த மாதிரியோடு சேர்ந்து வேரூன்றியது. அங்கே படிப்பவர்களுக்குக் கோடைச் சம்பளமே பெரிய செய்தி. பின்னால் ஊர் ஊராக எம்.பி.ஏ. வந்தபோது கோடையும் ரிப்போர்ட்டும் வந்துசேர்ந்தன, சம்பளம் வரவில்லை.

2020 கல்விக் கொள்கைக்குப் பிறகு எல்லாமே கிரெடிட் ஆனது. 2021-ல் கிரெடிட் வங்கி, 2023-ல் தேசியக் கிரெடிட் கட்டமைப்பு. 2024-ல் இளநிலைப் பட்டங்களுக்கான இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதலில் யு.ஜி.சி. சொன்ன கணக்கு, ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். அதே வருஷம் மத்திய அரசு பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை அறிவித்தது. மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை. ஆனால் எம்.பி.ஏ.வோ வேறு முதுகலைப் பட்டமோ முடித்தவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்று விதி வைத்தார்கள். மேல்படிப்பு படித்தவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு போல.

அந்த நினைப்பு வன்னியம்பட்டியில் நிற்காது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் குடும்பத்தின் முதல் பட்டதாரியே எம்.பி.ஏ. வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிற வீடுகள் நிறைய. அவளுக்குச் சென்னையில் ஒரு கம்பெனி இடம் கொடுத்தால் முதல் கேள்வி, என்ன கற்றுக்கொள்வாய் என்பதல்ல. ரெண்டு மாசம் எங்கம்மா தங்குவ, ஹாஸ்டலுக்கு யார் கட்டுவா என்பதுதான். பதில் இல்லையென்றால் தெரிந்தவர் கடையில் லெட்டர்பேடும் சீலும் வாங்கி ரிப்போர்ட் தயாராகிவிடும். கிரெடிட்டும் விழுந்துவிடும். மணிநேரத்தை மட்டும் அளக்கிற கருவியை இப்படி ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். டெஸ்ட் பாஸ் ஆகவேண்டும் என்பதற்காக மட்டும் கோடு எழுதுகிறவர்களைத் தினமும் பார்க்கிற துறையில் இருப்பதால் இது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அதற்காகக் கிரெடிட்டைத் தூக்கிப்போடு என்று சொல்லமாட்டேன். செட்டியார் கடைப் பெட்டி பக்கத்தில் இடம் கிடைக்காதவளுக்கு, பிறப்பும் சொந்தமும் கேட்காமல் ஒரு கம்பெனி வாசலைத் திறக்கச் சொல்லும் காகிதம் அது ஒன்றுதான். சாதி பார்த்த வேலையைக் கல்லூரியின் கடிதம் பார்க்கிறது. அது பெரிய மாற்றம். ஆனால் பழைய முறையில் இருந்த சோறும் கூலியும் இந்த மாற்றத்தில் எங்கோ தவறிவிட்டன.

அவற்றை மீட்க சென்னை வரை போகவேண்டியதில்லை. சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ராஜபாளையத்தில் 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மில்லிலிருந்து கிளைத்த நூற்பு உலகம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்குப் பால் வரும் வழியே ஒரு பொருளாதார ஆய்வுக்குப் போதும். நூல் விலை ஏறினால் தறிக்காரர் எத்தனை நாள் தாங்குவார், யாரிடம் கடன் வாங்குவார் என்று ஒருத்தி இரண்டு மாதம் கூடவே இருந்து கணக்கெடுத்தால், அந்த அறிக்கை தறிக்காரருக்கும் உதவும். காலையில் பஸ் ஏறிச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

சின்னத் தறிக்காரரிடம் உதவித்தொகை கேட்க முடியாது என்பது நிஜம். பழகுநர் திட்டத்தில் அரசு ஒரு பங்கைக் கொடுக்கிறதே, அதே ஏற்பாட்டை முதுகலை மாணவரின் கிரெடிட்டுக்கும் நீட்டலாம். அந்தச் செமஸ்டரின் கட்டணத்தில் கல்லூரி ஒரு பகுதியைத் திருப்பித் தரலாம், அந்த இரண்டு மாதமும் பாடம் நடப்பது தறிக்கூடத்தில்தானே. ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மணி நேரம் என்று கல்லூரி வாரியாக வாதிடுகிற அதே கூட்டத்தில், அந்த முப்பது மணி நேரத்துக்கான பஸ் காசையும் மத்தியானச் சாப்பாட்டையும் யார் தருவது என்று ஒரு பொருள் சேர்த்தால் போதும், மீதிப் பேச்சு தானாக நடக்கும்.